தம்பியும் பெரியபிள்ளையானான்

எங்கட வீட்டில் இரண்டு பேர் வயதுக்கு வந்தோம். நான் வந்தபோது ஊருக்கே காட் அடித்துச் சொன்னார்கள். மண்டபம், மேளம், வீடியோ, தூக்க முடியாத பாரத்தில் ஒரு அல்பம். என்னைவிட நாலு வயது இளைய தம்பி வயதுக்கு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. குரல் உடைந்தபோது சித்தப்பா இரண்டு நாள் பகிடி பண்ணினார். காற்சட்டை கட்டையாகிவிட்டது என்று அம்மா புதிசு தைப்பித்தா. அதோடு சரி. பதினாறு வயதில் வயிற்றுக்குத்து என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, அப்பெண்டிக்ஸோ என்று பார்க்க ஸ்கான் பண்ணினார்கள். அப்பெண்டிக்ஸ் இல்லை. ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று எழுதித் தந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜீ.பீ.ரீ 78 என்று வந்தது. இருக்கவேண்டியதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு என்று சொன்னார்கள்.

நான் கலைப்பீடத்து மாணவி. உயிரியலோடு எனக்கிருந்த உறவு ஓ.எல் விஞ்ஞானப் புத்தகத்தோடு முடிந்துவிட்டது. அந்த றிப்போட் வந்த பிறகு மருத்துவபீடத்தில் படிக்கிற சிநேகிதியைக் கரைச்சல்படுத்தியும், கிளினிக்கில் டொக்டரிடம் கேட்டும், இரவிரவாக வாசித்தும் விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கட வயதுக்காரருக்கும், வீட்டில் எங்களுக்குக் கீழே வளர்ந்துகொண்டிருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும் இது தேவைப்படும்.

“பெடியன் குடிக்கிறவனோ?”

விசயம் சொந்தத்துக்குள் போனதும் முதலில் வந்த கேள்வி இதுதான். மாமா நேரடியாகவே கேட்டார்: “உவன் பெடியளோட சேர்ந்து பழகிட்டானோ தங்கச்சி, விசாரிச்சனீயோ?” அம்மா இரண்டு நாள் அழுதா. பக்கத்து வீட்டு அன்ரி மஞ்சட்காமாலைக்குக் குடுக்கிற கீழ்க்காய்நெல்லியைப் பிடுங்கிக்கொண்டு வந்தா. ஈரல் வருத்தம் என்றால் ஒன்று குடி, இல்லாவிட்டால் காமாலை. எங்கட ஊரில் மூன்றாவது காரணம் ஒன்று இல்லை.

ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவ உலகமே இந்த வருத்தத்தைப் பிந்தித்தான் கண்டுகொண்டது. 1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த லுட்விக் என்ற நோயியலாளரும் அவரோடு இருந்தவர்களும், குடிப்பழக்கம் இல்லாத நோயாளிகளின் ஈரலிலும் குடிகாரரின் ஈரலில் காணப்படும் அதே மாற்றங்கள் இருப்பதை விவரித்தார்கள். பிள்ளைகளுக்கும் இது வரும் என்று எழுதப்பட்டது 1983இல். அதற்குப் பிறகு நாற்பது வருசம் “மதுசாரம் சாராத கொழுப்பு ஈரல் நோய்” என்றுதான் இதற்குப் பெயர். அதாவது, குடிக்காதவனுடைய வருத்தத்தின் பெயரிலும் குடி இருந்தது. 2023இல் சர்வதேச மருத்துவ அமைப்புகள் சேர்ந்து பெயரை மாற்றின. அனுசேபக் குழப்பத்தோடு, அதாவது உடம்பு சாப்பாட்டைச் சக்தியாக மாற்றிச் சேமிக்கிற விதத்தில் வருகிற குழப்பத்தோடு தொடர்புபட்ட ஈரல் நோய் என்பது புதுப் பெயரின் கருத்து. பழைய பெயரில் இருந்த “மதுசாரம்”, “கொழுப்பு” இரண்டு சொல்லும் நோயாளியை அவமானப்படுத்துகின்றன என்பது மாற்றத்துக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. இதை வாசித்தபோது மாமாவின் முகம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இது அரிதான வருத்தமும் இல்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1993இலிருந்து 2003 வரை விபத்து முதலான காரணங்களால் இறந்து பிரேத பரிசோதனை செய்யப்பட்ட 742 பிள்ளைகளின் ஈரல்களை ஆராய்ந்திருக்கிறார்கள். 2 - 4 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூடக் கொழுப்பு ஈரல் இல்லை. 15 - 19 வயதுக்காரரில் நூற்றுக்குப் பதினேழு பேருக்கு இருந்தது. எங்கட நாட்டில் ராகமவில் 14 வயதுப் பிள்ளைகளை ஸ்கான் செய்து பார்த்த ஆய்வொன்றில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல் இருந்தது. நாற்பது பேர் இருக்கிற ஒரு பத்தாம் ஆண்டு வகுப்பை நினைத்துப் பாருங்கள்.

நாலு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? பலதும் நடக்கிறது. அதில் பெரியது, பிள்ளை வயதுக்கு வருகிறது.

டொக்டர் கேட்ட கேள்வி

கிளினிக்கில் டொக்டர் அம்மாவைக் கேட்டார்: “எத்தனை வயதில குரல் உடைஞ்சது? எந்த வருசம் நெடுநெடு எண்டு வளர்ந்தவர்?” அம்மாவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தா. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

என்னைப் பற்றிக் கேட்டிருந்தால் அம்மா திகதி, கிழமை, நேரம், நட்சத்திரம் எல்லாம் சொல்லியிருப்பா. ருது சாதகம்கூட எழுதி அலுமாரிக்குள் வைத்திருக்கிறா. பெண்பிள்ளையின் பருவம் ஊரின் சொத்து. ஆண்பிள்ளையின் பருவத்துக்கு எங்கட பேச்சில் ஒரு நல்ல சொல்கூட இல்லை. “பெரியபிள்ளை” என்பது எங்களுக்கு மட்டும் வைத்த பெயர். இரண்டிலுமே உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒருவரும் கேட்பதில்லை என்பது மட்டும் பொது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நாங்கள் சாப்பிடுகிற சோறும் சீனியும் குளுக்கோசாகி இரத்தத்துக்குள் வருகிறது. அதைத் தசைக்குள்ளும் மற்றக் கலங்களுக்குள்ளும் அனுப்புவதற்கு இன்சுலின் போய்க் கதவைத் தட்டவேண்டும். பருவ வயதில் உடம்பு வளர்ச்சி ஓமோனை இரண்டு மூன்று மடங்கு கூடுதலாகச் சுரக்கிறது. அந்த ஓமோன் எலும்பை நீட்டும், தசையைக் கட்டும். கூடவே இன்சுலினின் தட்டலுக்குக் கலங்களின் காதை மந்தமாக்கியும் விடும். பருவத்தின் நடுப்பகுதியில் இன்சுலினுக்கு உடம்பு காட்டுகிற பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. மெல்லிய பிள்ளைக்கும் குறையும், பருத்த பிள்ளைக்கும் குறையும். இது நோய் இல்லை. எல்லாப் பிள்ளையும் கடந்துபோகிற கட்டம்.

கதவு திறக்காதபோது கணையம் இன்னும் கூட இன்சுலினை அனுப்பும். இங்கேதான் ஈரல் மாட்டுப்படுகிறது. இரத்தத்தில் இன்சுலின் கூடினால், மிஞ்சுகிற சீனியைக் கொழுப்பாக மாற்றும்படி ஈரலுக்கு உத்தரவு போகும். வயிற்றைச் சுற்றி ஏற்கெனவே கொழுப்புச் சேர்ந்திருக்கிற பிள்ளையாக இருந்தால், அந்தக் கொழுப்பும் கரைந்து ஈரலுக்கே வந்து சேரும். ஈரலில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் கொழுப்பு ஏறினால் அதுதான் கொழுப்பு ஈரல். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தம்பியின் வயிற்றுக்குத்துக்கும் ஈரலுக்கும் தொடர்பில்லை என்று டொக்டர் சொன்னார். அந்தக் குத்து வராமல் விட்டிருந்தால் எங்களுக்கு இன்றைக்கும் தெரிந்திருக்காது. சிலருக்குக் கொழுப்பு அப்படியே கிடக்கும். சிலருக்கு அது ஈரலைப் புண்ணாக்கி, தழும்பாக்கி, பிறகு சிரோசிஸ் வரைக்கும் கொண்டுபோகும்.

பருவம் முடிகிறபோது வளர்ச்சி ஓமோன் இறங்கும், மந்தமான காது திரும்பவும் கேட்கும். ஆனால் அந்த நாலைந்து வருசத்துக்குள் உடம்பு நல்லாகப் பருத்துவிட்ட பிள்ளைக்கு அது முழுதாகத் திரும்புவதில்லை. பருவ வயதில் என்ன சாப்பிட்டோம், எவ்வளவு ஓடினோம், எவ்வளவு நித்திரை கொண்டோம் என்பது அதனால்தான் மற்ற வயதைவிடப் பாரதூரமானது.

ஆண்பிள்ளைகளுக்கு இது கூடுதலாக வருகிறது. ஈஸ்திரஜன் என்ற பெண் ஓமோன் ஈரலை ஓரளவு காப்பாற்றுவது அதற்கு ஒரு காரணம் என்று சொல்கிறார்கள். மாதவிடாய் நின்றுபோன பெண்களுக்குக் கொழுப்பு ஈரல் கூடுவதும் அதோடு பொருந்துகிறது. ஆனால் பெண்பிள்ளைகள் தப்பிவிட்டோம் என்று இருக்கமுடியாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் மயிர் கூடி, சூலகத்தில் நீர்க்கட்டி என்று கிளினிக் போகிற எத்தனையோ பேர் எங்கட விடுதியிலேயே இருக்கிறோம். அந்தப் பிரச்சினைக்குப் பின்னாலும் பெரும்பாலும் இன்சுலினின் இதே இழுபறி இருக்கிறது. அவர்களுக்குக் கொழுப்பு ஈரல் வருகிற வாய்ப்பும் கூட. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் வீட்டார் கேட்பது “பிறகு பிள்ளை தங்குமோ?” என்பதை மட்டும்தான். ஈரலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

கழுத்தில் இருந்தது ஊத்தை இல்லை

தம்பிக்குப் பதின்மூன்று வயதிலிருந்தே பின்கழுத்துக் கறுத்துத் தடித்து இருந்தது. “ஊத்தை பிடிச்சுக் கிடக்கு, ஒழுங்காக் குளிக்கிறேல்லை” என்று அம்மா தும்பால் உரஞ்சினா. தேசிக்காயும் மஞ்சளும் பூசினா. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் முழு வகுப்புக்கும் முன்னால் கொலரை இழுத்துக் காட்டி, குளிக்காத பிள்ளைக்கு உதாரணம் சொன்னார். அதற்குப் பிறகு அவன் பின்வரிசையில் போய் இருக்கத் தொடங்கினான். மைதானத்தில் பனியனோடு விளையாடுவதையும் விட்டுவிட்டான்.

அது ஊத்தை இல்லை. இன்சுலின் இரத்தத்தில் கூடிப்போனால் தோல் அப்படித் தடித்துக் கறுக்கும். கழுத்திலும் கமக்கட்டிலும் வெல்வெட் துணி மாதிரி வரும். எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. மூன்று வருசமாக அவனுடைய உடம்பு கழுத்தில் எழுதி வைத்திருந்ததை நாங்கள் எல்லாரும் அழித்துவிடப் பார்த்திருக்கிறோம் என்று அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இரவு அவனுக்கு முட்டைப்பொரியல் செய்து குடுத்தா. அதுதான் அம்மாவின் மன்னிப்பு.

இதை வாசிக்கிற உங்களில் ஆசிரியர்களாகப் போகிறவர்கள் இருப்பீர்கள். ஒரு பிள்ளையின் கழுத்து இப்படி இருந்தால் வகுப்புக்குக் காட்டாதீர்கள். தாய் தகப்பனைக் கூப்பிட்டு, ஒருக்கால் டொக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

களியும் முட்டையும் சோடாவும்

நான் பெரியபிள்ளையானபோது விடியவெள்ளன பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்தார்கள். உழுத்தங்களி, கத்தரிக்காய்ப் பொரியல், சரக்குத் தண்ணி. மூக்கைப் பொத்திப் பிடித்துப் பருக்கினவர் அம்மம்மா. இதையெல்லாம் மூடப் பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. வயிறாரச் சாப்பாடு கிடைக்காத ஒரு காலத்தில், வளருகிற ஒரு பெண்பிள்ளைக்கு மட்டும் வீட்டின் முட்டையையும் உழுந்தையும் ஒதுக்கி வைத்தது நல்ல புத்திதான். சில கிழமைக் களியால் ஒருவருக்கும் ஈரல் பழுதாகாது.

எனக்குக் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். அதுவரைக்கும் வலைப்பந்து விளையாடின என்னை “இனி உந்தத் துள்ளல் காணும்” என்று நிற்பாட்டினார்கள். சைக்கிளை விட்டு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். உடம்பு அசையவேண்டிய வயதில்தான் எங்களுக்கு இருக்கச் சொல்லிப் பழக்குகிறார்கள். ஆண்பிள்ளையைச் சடங்கு நிற்பாட்டுவதில்லை, ரியூசன் நிற்பாட்டுகிறது. தம்பியின் பத்தாம் ஆண்டு நேரசூசி இப்படி: விடிய ஐந்தரைக்குக் கணித வகுப்பு, பிறகு பள்ளிக்கூடம், மூன்று மணியிலிருந்து ஏழு மணிவரை மூன்று வகுப்பு, சனி ஞாயிறு முழுநாள். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் கடையில் ஒரு ரோல்ஸ், ஒரு சோடா. இரவு பதினொரு மணிக்குக் கொப்பியை மூடிப் பிறகு போன். ஐந்து தொடக்கம் பதினேழு வயதுவரை நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணித்தியாலமாவது உடம்பு வேர்க்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவனுடைய நேரசூசியில் அதை எங்கே செருகுவது?

சோடாவைப் பற்றி ஒரு கணக்கு. 2016 ஓகஸ்டில் இலங்கையில் குளிர்பானப் போத்தல்களுக்கு நிறக் குறியீடு கொண்டுவந்தார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, இரண்டுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் செம்மஞ்சள். சிவப்புப் புள்ளி போட்ட 400 மில்லிலீற்றர்ப் போத்தல் ஒன்றில் 44 கிராமுக்கு மேல் சீனி. தேக்கரண்டியால் அளந்தால் பத்துக் கரண்டிக்கு மேல். தேத்தண்ணிக்குள் ஒருவர் பத்துக் கரண்டி போட்டால் பைத்தியம் என்போம். அந்தச் சீனியில் பாதிக்குக் கிட்டப் பிரக்டோசு. பிரக்டோசைக் கவனிக்கிற வேலை பெரும்பாலும் ஈரலின் தலையில்தான் விழுகிறது. மிஞ்சினால் அது கொழுப்பாகும்.

அம்மாவைத் திட்டுவது லேசு. ஆனால் அம்மா தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவ. சீனி இல்லாமல் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தவ. பாதை திறந்து கடைகள் நிறைந்தபோது, “நாங்கள் காணாததைப் பிள்ளையள் காணட்டும்” என்று வாங்கித் தந்த பிஸ்கற்றும் சோடாவும்தான் எங்கட சின்ன வயது. பிள்ளை பருத்தால் “நல்ல வளர்த்தி” என்று சொல்கிற வாய் பஞ்சத்தைக் கண்ட வாய். இன்னொன்றும் உண்டு: தெற்காசிய உடம்புகள் ஐரோப்பியரைவிடக் குறைந்த நிறையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்க்கும். அதனால் ஆசியருக்கு உடற்திணிவுச் சுட்டி 23இலிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எழுதியது. எங்கட கண்ணுக்கு “நல்ல வளர்த்தி”யாகத் தெரிவது ஈரலுக்கு ஏற்கெனவே பாரமாக இருக்கலாம்.

ஒருத்தனுக்கு மட்டும் பத்தியம்

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு இதற்கென்று அங்கீகரித்த மருந்து ஏதும் இல்லை. சாப்பாடும் அசைவும்தான் வைத்தியம். முதல் மாதம் வீட்டில் நடந்தது என்னவென்றால், தம்பிக்கு மட்டும் குரக்கன் பிட்டு, எங்களுக்குப் பரோட்டா. அவனுக்கு மட்டும் சீனி இல்லாத பிளேன்ரீ. சாப்பாட்டு நேரத்தில் அவன் வராமல் விட்டான். பிறகு பார்த்தால் புத்தகப் பைக்குள் பிஸ்கற் பைக்கற்.

அந்த நேரத்தில்தான் 2019இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தேன். கொழுப்பு ஈரல் உள்ள, 11 - 16 வயது நாற்பது ஆண்பிள்ளைகள். ஒரு பகுதிக்கு எட்டுக் கிழமை சேர்த்த சீனியை மிகவும் குறைத்த சாப்பாடு. மற்றப் பகுதிக்கு வழமையான சாப்பாடு. சீனி குறைத்தவர்களின் ஈரல் கொழுப்பு சராசரியாக நூற்றுக்கு 25இலிருந்து 17ஆக இறங்கியது. மற்றவர்களுக்கு 21இலிருந்து 20. எட்டுக் கிழமையில்! என்னைப் பிடித்தது இலக்கம் இல்லை, அவர்கள் செய்த விதம். அந்தப் பிள்ளைக்கு மட்டும் அல்லாமல் முழு வீட்டுக்கும் சாப்பாட்டைத் திட்டமிட்டுக் குடுத்திருக்கிறார்கள்.

அதை அம்மாவுக்குச் சொன்னேன். வீட்டில் சோடா வாங்குவதை எல்லாருக்குமாக நிற்பாட்டினோம். அப்பா முணுமுணுத்துக்கொண்டே தேத்தண்ணிச் சீனியை மூன்று கரண்டியிலிருந்து ஒன்றாக்கினார். இரவில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. விடியக்காலை ஐந்தரை வகுப்பை விடுவதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது. கடைசியில் அம்மா விட்டுக்கொடுத்தா. அவன் பின்னேரத்தில் மூன்று நாள் பின்வளவுப் பெடியளோடு கிரிக்கெட் விளையாடுகிறான். ஆறு மாதத்துக்குப் பிறகு எஸ்.ஜீ.பீ.ரீ 51. இன்னும் கூடத்தான். கழுத்துக் கறுப்பும் முழுதாகப் போகவில்லை. நிறை குறையவேயில்லை; ஆனால் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டான். வளருகிற பிள்ளைக்கு அது போதும், நிறை ஏறாமல் உயரம் ஏறினால் அதுவும் வெற்றி என்று டொக்டர் சொன்னார்.

நீங்கள் வீட்டில் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. பின்கழுத்துக் கறுத்திருக்கிறதா, வயிறு முன்னுக்கு வருகிறதா, வீட்டில் யாருக்கும் சீனி வருத்தமோ கொழுப்பு ஈரலோ இருக்கிறதா, தங்கச்சியின் மாதவிடாய் மாதக்கணக்கில் பிந்துகிறதா. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள். ஈரல் வருத்தம் என்று வந்தால் குடிக்கிறாயா என்று கேட்கமுதல், எத்தனை மணிக்குப் படுக்கிறாய், கடைசியாக எப்போது ஓடினாய் என்று கேளுங்கள். உங்கட தம்பிக்குக் குரல் உடைகிறபோது பகிடி பண்ணாமல் அந்த வருசத்தை எங்கேயாவது குறித்து வையுங்கள்.